மேடில்லாத தீவில் அப்பா வழி தப்பிய கதை

மலைநாட்டுப் பூனாகலையிலிருந்து ஒரே நாளில் மட்டக்களப்புப் புளியந்தீவுக்குப் போய்த் திரும்ப முடியுமா? தாராளமாக முடியும், போய்விட்டு வந்துதான் சொல்கிறேன். ஆனால் நாங்கள் ஊர் பார்க்கப் போகவில்லை, ஒரு வழக்கைத் தீர்க்கப் போனோம்.

என் தங்கை கோகிலாவுக்குப் புளியந்தீவுப் பாடசாலை ஒன்றில் ஆசிரியர் நியமனம் வந்திருந்தது. அடுத்த திங்கட்கிழமை பொறுப்பேற்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை கைவிட்டுப் போகும். அப்பா விடமாட்டேன் என்றார். அவர் தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. காலைப் பெரட்டில் ஆட்களை நிறுத்தி, யார் எந்த மலைக்குக் கொழுந்து எடுக்கப் போவது என்று பிரித்து அனுப்புகிறவர். வீட்டிலும் அதே அதிகாரம்தான். “மேடு பள்ளமே இல்லாத ஊருல ஒத்தப் பொம்பளப்புள்ள என்னா செய்யும்?” என்று ஒரே பேச்சு. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்! கோகிலா சாப்பிடாமல் கிடந்தாள். “ஊரையே பாக்காம வேணாம்னு சொன்னா எப்படிப்பா? ஒருக்கா போய்ப் பாத்துட்டு சொல்லுங்க” என்று நான் சண்டை பிடித்தேன். ஆகஸ்ட் மாதம் அது, அந்தச் சனிக்கிழமைக்கே வாடகை வான் பேசினேன். போகவர நாற்பத்திரண்டாயிரம் ரூபாய், டீசலோடு சேர்த்து.

அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பினோம். பண்டாரவளை, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை, மகாஓயா, செங்கலடி. இதுதான் பாதை. பதுளையிலிருந்து மட்டும் ஏறத்தாழ நூற்று எழுபது கிலோமீட்டர். லுணுகலை தாண்டும்வரை வளைவு வளைவாக வரும், வாந்தி எடுப்பவர்களை முன் சீட்டில் உட்கார வையுங்கள். பிபிலையில் காலைச் சாப்பாடு சாப்பிட்டோம். அங்கேயே வெக்கை தொடங்கிவிட்டது. அப்பாவோ கம்பளித் தொப்பியை மகாஓயாவில்தான் கழற்றினார். சுவெட்டரைக் கழற்றவே இல்லை. “கழட்டுனா சளி புடிச்சுரும்.” யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

பத்து மணிக்குப் புளியந்தீவு. வாவிக்குள் இருக்கும் தீவு அது. பாலங்கள் இருப்பதால் தீவுக்குள் நுழைந்ததே நமக்குத் தெரியாது. முதலில் பாடசாலைக்குப் போனோம். பூட்டிய கேட்டின் கம்பிகளைப் பிடித்தபடி கோகிலா உள்ளே பார்த்துக்கொண்டே நின்றாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. அப்பா மறுபக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு கோட்டைக்கு நடந்தோம். போர்த்துக்கீசர் கட்டி ஒல்லாந்தர் பிடித்த கோட்டை, மதில்மேல் இன்னும் பீரங்கி இருக்கிறது. வாசலில் அப்பா, “தண்ணி வாங்கிட்டு வர்றேன்” என்று போனார்.

போனவர் போனவர்தான். முக்கால் மணி நேரமாகியும் ஆளைக் காணோம். அவருடைய போனோ வானுக்குள் சார்ஜில் கிடந்தது. அடி ஆத்தி!

பக்கத்துத் தெருத் தேநீர்க்கடை அக்காவிடம் ஓடினேன். “எங்கப்பா மேல போனாரா, கீழ எறங்கிப் போனாரா?”

“மேலயா? எல்லாம் ஒரே மட்டம்தானே மகள்!” என்று அவர் சிரித்துவிட்டார். “சுவெட்டர் போட்டவர்தானே? அவரும் இதையேதான் கேட்டவர். கோட்டைக்கு மேல ஏறணுமா, கீழ எறங்கணுமாண்டு. நேரா போங்கண்டு சொன்னன்.”

அப்போதுதான் உறைத்தது. எங்கள் தோட்டத்தில் இடம், வலம், கிழக்கு, மேற்கு எதுவும் கிடையாது. மேலே போ, கீழே இறங்கு, அவ்வளவுதான். கண் தெரியாத பனிமூட்டத்திலும் சரிவைப் பிடித்துக் காலே வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். இங்கே காலுக்கு ஒன்றும் புரியாது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான்.

“என்னாலதானே அக்கா” என்று கோகிலா தெருவில் நின்றே அழுதாள். இனி இந்த நியமனத்தை மறந்துவிட வேண்டியதுதான் என்று நினைத்தேன். திடீரென்று அவளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அக்கா, மூட்டத்துல வழி தப்புனா என்னா செய்யணும்னு அப்பா சொல்லுவாரு?”

“ஒசந்த எடத்துல ஏறி நின்னு கூவணும்னு.”

“இந்த ஊருல ஒசந்த எடம் எது?”

இருவரும் கோட்டைக்கு ஓடினோம். மதில்மேல், பீரங்கி பக்கத்தில், சுவெட்டர் நனைய வியர்த்து, இரண்டு கையையும் வாயருகே குவித்து அப்பா நின்றார். “ஓ... ஹோய்!” படம் எடுத்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் பக்கம் கூவல் காதில் விழுந்தால் யாராக இருந்தாலும் பதில் கூவ வேண்டும். கோகிலா தெருவென்றும் பார்க்காமல் கூவினாள். “ஓ... ஹோய்!”

நேராக நடந்து வாவிக்கரையில் போய் முட்டினாராம். அங்கிருந்து பார்த்தால் இந்த மதில் ஒன்றுதான் உயரமாகத் தெரிந்ததாம். நான் ஏசிக்கொண்டே மேலே ஏறினேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை.

“கோகிலா, இந்த எடத்த நல்லாப் பாத்து வச்சுக்க. எப்பவாச்சும் தெகச்சுப் போயிட்டா இங்க ஏறி நின்னு கூவு. ஆறு மணி நேரந்தானே, அப்பா வந்துருவேன்.”

அவளுக்கு விளங்கவில்லை. நான் கிள்ளிய பிறகுதான் விளங்கியது. அப்புறம் அவள் அழுத அழுகைக்கு அந்த வெள்ளைக்காரர்களே தண்ணீர் போத்தல் நீட்டினார்கள். மத்தியானம் அப்பா மீன்குழம்போடு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார். தேநீரை மட்டும் வாயில் வைக்க முடியவில்லை என்றார். அதுவும் இல்லாவிட்டால் அவர் எங்கள் அப்பா இல்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சுவெட்டரை வானிலேயே விடுங்கள். போனைக் கையில் வைத்திருங்கள். இரண்டரை மணிக்குள் திரும்பிவிடுங்கள், மகாஓயாப் பக்கம் இருட்டினால் யானை வரும். பதுளையிலிருந்து பஸ்ஸும் உண்டு, ஆனால் அதை நம்பி ஒரே நாளில் போய்வர நினைக்காதீர்கள். வழி கேட்கும்போது மேலே, கீழே என்று மட்டும் கேட்காதீர்கள்.

கோகிலா இப்போது புளியந்தீவில்தான் படிப்பிக்கிறாள். ஞாயிறு மாலைகளில் அவள் அழைக்கும்போது அப்பா ‘ஹலோ’ சொல்வதில்லை. எங்கள் லயத்து வீட்டு வரிசையே அதிரும்படி, “ஓ... ஹோய்!” என்று கூவுகிறார். அங்கே வாடகை அறையில் யார் இருந்தாலும் சரி, அவளும் பதில் கூவிவிட்டுத்தான் பேசத் தொடங்குகிறாள்.