தொடக்கூடாத வீடு

போன கிழமை முருங்கன் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது, பக்கத்துக் கடைக்காரர் சுவருக்கு அடிக்கச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தார். அந்த மணம் மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. சுண்ணாம்புக்குக் கோபப்படுகிற ஆளை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள். காரணத்தைச் சொல்கிறேன்.

வெள்ளைக்காரர் காலத்தில் மன்னாரில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். கீரி என்ற கடற்கரை ஊரில் மடுத்தீன் அண்ணை என்ற மீன்பிடிகாரரின் வீடு, ஒல்லாந்தர் நாளில் கடலில் எடுத்த முருகைக்கல்லால் கட்டியது. ஒவ்வொரு வருசமும் மடு மாதா கோயில் திருநாளுக்குப் போய்வந்த கையோடு, குடும்பமே சேர்ந்து சிப்பி சுட்டுச் சுண்ணாம்பாக்கி, பனங்கட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்து, மாரிக்கு முன் சுவரெல்லாம் பூசிவிடும். ஒருமுறை நானும் பூசப் போனேன். சுவரைவிட என் தலையில்தான் அதிகம் பூசினேன்.

அந்த வீடு எங்கள் கந்தோர் வெள்ளைக்காரத் துரையின் கண்ணில் பட்டது. பழங்காலச் சின்னமாம், பாதுகாக்க வேண்டுமாம். இனி ஒரு கல்லையும் யாரும் தொடக்கூடாதாம். அந்தக் கட்டளையைத் தமிழில் எழுதி, கோட்டும் போட்டுக்கொண்டு, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

“தம்பி, சுண்ணாம்பு பூசாட்டி உப்புக்காத்து கல்லைத் திண்டுபோடும். துரைக்குச் சொல்லுங்கோ,” என்றார் அண்ணை.

“சட்டம் அண்ணை. தொடக்கூடாது.”

துரைக்குச் சொன்னேனா? இல்லை. துரைக்குத் தெரியாதது மீன்பிடிகாரருக்குத் தெரியுமா என்று நினைத்தேன். என் கன்னத்தில் நானே அறைய வேண்டும் போலிருக்கிறது.

மூன்றாவது மாரியில் கடற்பக்கச் சுவர் ஓட்டோடு விழுந்தது. ஞாயிறு பூசை நேரம்; எல்லோரும் கோயிலில் இருந்ததால் உயிர் தப்பினார்கள். சொந்தக்காரரின் கவனக்குறைவு என்று எழுதச் சொன்னார் துரை. அநியாயம் என்று தெரிந்தும் எழுதினேன்.

அண்ணை கந்தோருக்கு வந்தார். “கல்லையாவது தாங்கோ. பிள்ளையளுக்கு ஒரு அறை கட்டுறன்.”

கல்லும் சின்னம்தானாம். முடியாது என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னவனும் நான்தான். அவர் குடும்பத்தோடு நறுவிலிக்குளத்தில் மனைவியின் ஆட்களிடம் போய்விட்டார். வயல் நடுவே ஒரு மீன்பிடிகாரர்!

அடுத்த கோடையில் அந்தத் துரை மாற்றலாகிப் போனார். புதிதாக வந்தவர் அந்தக் கல்லையெல்லாம் வண்டியில் ஏற்றி, உடைத்து, கந்தோர்த் தெருவுக்குப் பரப்பச் சொன்னார். ஓய்வுபெறும்வரை அதன்மேல்தான் சைக்கிள் ஓடினேன். இப்போது தாரும் போட்டுவிட்டார்கள். அண்ணையின் பேரப்பிள்ளைகள் யாராவது வந்து வீடு எங்கே என்று கேட்டால், நான் தெருவைத்தான் காட்டவேண்டும்.