அத்தை பாஸில் வைத்த விமானம்

பாப்பா, தம்பி, ரெண்டு பேருக்கும் அப்பா எழுதுறேன். முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன். பாப்பா போனில் கேம் ஆடிக்கொண்டிருந்தது, மூணு தடவை கூப்பிட்டும் வரலை. நாலாவது தடவை நான் கூப்பிடவில்லை. நேராகப் போய் நெட் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். "நாலு பேரு என்னை நம்பி நிக்கிறாங்கப்பா, இதை பாஸ் பண்ண முடியாது!" என்று பாப்பா சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாப்பா, நீ கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நீ கத்தவில்லை. போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து உட்கார்ந்து சாப்பிட்டாய். ரசம் வேணுமா என்று கேட்டதற்கு வேணாம் என்று தலையை மட்டும் ஆட்டினாய். அந்த முகத்தை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று ரெண்டு நாளாக யோசித்துக்கொண்டே இருந்தேன். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, என் மெக்கானிக் ஷாப்புக்கு லீவு. காலையில் காபி போடும்போது ஞாபகம் வந்துவிட்டது. அது அத்தையின் முகம்.

அத்தை என்றால் என் அப்பாவின் தங்கச்சி, அனகாபுத்தூரில் இருக்கிற அத்தைதான். என்னைப் பார்த்து நீங்களும் அத்தை என்றே கூப்பிடுகிறீர்கள். கல்யாணத்துக்கு முன்னால் அத்தை எங்களோடு மேற்குத் தாம்பரத்தில் ரெண்டு ரூம் வீட்டில் இருந்தது. சானடோரியம் பக்கத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கிற வேலை. காலையில் சோத்து டப்பாவோடு போனால் சாயங்காலம் நூல் ஒட்டின புடவையோடு திரும்பி வரும். அப்போது எனக்கு ஒன்பது வயசு. ஒரு தீபாவளி போனஸ் வந்த வாரம், அத்தை என்னைப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போனது. குக்கர் வாங்கத்தான் போனோம். பழைய டேப் ரிக்கார்டர், உடைந்த கடிகாரம், கம்பி போன குடை எல்லாம் தார்ப்பாயில் பரப்பியிருந்த ஒரு கடையில் சாம்பல் கலரில் ஒரு டிவி கேம் பெட்டி கிடந்தது. ரெண்டு ரிமோட், சுருண்ட ஒயர், ஒரு மஞ்சள் கேசட். கடைக்காரர் ஒரு சின்ன டிவியில் போட்டுக் காட்டினார். அத்தை ரிமோட்டை வாங்கிக்கொண்டு அங்கேயே குந்தி உட்கார்ந்தது. பின்னால் கூட்டம் சேர்ந்து, "அக்கா, வாங்குறதுன்னா வாங்கு, இல்லாட்டி வழி வுடு" என்று ஒருத்தர் சத்தம் போடும்வரைக்கும் எழுந்திருக்கவில்லை. அன்றைக்குக் குக்கர் வரவில்லை. பெட்டிதான் வீட்டுக்கு வந்தது.

"யாருக்கு இது?" என்று என் அப்பா கேட்டபோது, "பையனுக்குண்ணா, பாவம், தெருவுல வெயில்ல சுத்துறான்" என்று அத்தை சொன்னது. அப்படித்தான் அது என் பெட்டி ஆனது. உண்மையில் ஆடினது யார் என்று எனக்கும் அத்தைக்கும் மட்டும்தான் தெரியும். என் அம்மாவுக்கும் தெரியும், ஆனால் தெரியாத மாதிரி இருப்பாள். அத்தை ஆடிக்கொண்டிருக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால், ரிமோட் என் கைக்கு வந்துவிடும். அத்தை கையில் ஒரு முறமோ புஸ்தகமோ இருக்கும். "எப்பப் பாரு இதே வேலை, கண்ணு கெட்டுப் போவப் போவுது" என்று அது என்னையே திட்டும். நான் பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொள்வேன். கல்யாண வயசில் இருக்கிற பெண் டிவி முன்னால் உட்கார்ந்து பொம்மை விமானம் ஓட்டுகிறாள் என்று தெருவில் பேச்சு வந்துவிடக் கூடாது. அதுதான் பயம். அது நியாயமான பயமா என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

கேசட் மேலே அறுபத்து நாலு ஆட்டம் என்று போட்டிருக்கும். உள்ளே இருந்தது ஆறுதான், அதையே வேற வேற பேரில் திருப்பித் திருப்பிப் போட்டிருப்பான். அதில் விமான ஆட்டம்தான் அத்தைக்கு உயிர். அதை ஆடும்போது அத்தையின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டே இருக்கும், கம்பெனியில் பவர் தையல் மிஷினின் பெடலை அழுத்துகிற மாதிரி. வளைவில் காலைத் தூக்கும், நேர் வழியில் அழுத்தும். விமானத்துக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை, ஆனால் காலைக் கட்டிப்போட்டிருந்தால் அத்தை தோற்றுப்போயிருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மொத்தம் மூணு உயிர். மூணும் போனால் திரும்ப முதல் ரவுண்டு. இப்போது உங்கள் போனில் எல்லாம் தானாகச் சேவ் ஆகிவிடுகிறது, ஒரு மாசம் கழித்து வந்தாலும் விட்ட இடத்தில் நிற்கிறது. எங்களுக்கு அது கிடையாது. எங்களுக்கு இருந்தது, ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைக்கிற பாஸ் பட்டன் ஒன்றுதான். ஆட்டத்தை பாஸில் போட்டு டிவியை மட்டும் அணைத்துவிடுவோம். கேம் பெட்டி உள்ளுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். அடாப்டர் சூடேறும். அத்தை ஒரு எவர்சில்வர் தட்டில் தண்ணீர் விட்டு, அதற்குள் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் அடாப்டரை வைக்கும். நீங்கள் இதைச் செய்யவே கூடாது, தண்ணீரும் கரண்டும் பக்கத்தில் இருக்கலாமா? எங்களுக்கு அந்தப் புத்தி இல்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அத்தை அதுவரை யாரும் போகாத இடத்துக்குப் போய்விட்டது, கடைசி ரவுண்டு. மூணு உயிரும் அப்படியே இருந்தன. சரியாக அப்போது அப்பா உள்ளே வந்து, நாளைக்குச் சாயங்காலம் பெண் பார்க்க வருகிறார்கள், பல்லாவரத்துக்காரர்கள், பையன் தோல் கம்பெனியில் மிஷின் ஆபரேட்டர் என்று சொன்னார். அதோடு வீடு தலைகீழாகிவிட்டது. பெயிண்ட் உதிர்ந்த சுவரில் காலண்டர் மாட்டினார்கள், பக்கத்து வீட்டிலிருந்து நாற்காலி வந்தது. ஆட்டம் பாஸிலேயே நின்றது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று, மேலே மூடியிருந்த துணியைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். கரண்டு போகக் கூடாது என்று நானும் அத்தையும் வேண்டிக்கொண்ட அளவுக்கு மாப்பிள்ளை நல்லவராக இருக்கணும் என்று யாராவது வேண்டிக்கொண்டார்களா, தெரியாது.

வந்தவர்கள் மூணு பேர். மாப்பிள்ளை, அவர் அம்மா, தாய்மாமன் ஒருத்தர். மே மாச வெயில். ஹாலில் சீலிங் ஃபேன் ரெண்டு நாளாகச் சுற்றவில்லை. அம்மா டேபிள் ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்த ஹாலில் இருந்ததே ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட், அதில் லூசான ஒரு மல்டி பின், அதில்தான் டிவியும் கேமும். எதைத் தொட்டாலும் எல்லாம் அணைந்துவிடும். அம்மா அதில் கை வைக்கப் போனதைப் பார்த்ததும் நான் பாய்ந்து போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டு கத்தினேன்.

"அம்மா, புடுங்காத! அத்தை கடைசி ரவுண்டுல கீது!"

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பையன் ஆடுறதுங்க அது. எப்பப் பார்த்தாலும் கேம், கேம். டேய், தள்ளுடா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார், ஆனால் கண்ணில் சிரிப்பு இல்லை. மாப்பிள்ளையின் அம்மா கேட்டார்கள்: "அத்தைன்றானே. யாரு கடைசி ரவுண்டுல?"

அத்தை காபித் தட்டோடு சமையல்கட்டு வாசலில் நின்றது. பச்சைப் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ. பையன்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். ப்ளக்கைப் பிடுங்குவார்கள், காற்று வரும், காபி குடிப்பார்கள். அத்தை அந்தச் சிவப்பு விளக்கையே பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை நான் உன்னிடம் பார்த்தேனே பாப்பா, அதே முகம். கத்தவும் இல்லை, அழவும் இல்லை. பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டு, "நான்தாங்க. நேத்து சாயங்காலத்துலேர்ந்து அப்டியே நிக்குது" என்றது.

அப்பா காலண்டரைப் பார்த்தார். அப்புறம் மாப்பிள்ளை, வந்ததிலிருந்து வாயே திறக்காதவர், கேட்டார்: "எத்தனை லைஃப் இருக்கு?"

"மூணு."

"மூணுமேவா? கடைசி ரவுண்டுலயா?" என்று நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "நான் ஒரு தபா ஆடிப் பாக்கட்டுமா?"

மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? டிவியைப் போட்டேன். அவர் புது வேட்டியோடு தரையில் உட்கார்ந்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, ரெண்டு உயிரைத் தொலைத்தார். மூணாவது பறக்க ஆரம்பித்ததும் அத்தை, பட்டுப்புடவை, பூ, அண்ணன், சபை எல்லாவற்றையும் மறந்துவிட்டு, "குடுங்க இப்டி! இருக்கறதே ஒண்ணு!" என்று ரிமோட்டைப் பிடுங்கிக்கொண்டது. "இன்னாடா இது, பொண்ணு மாப்பிள்ளை கையத் தட்டி வுடுது" என்று தாய்மாமன் சிரித்தார். அம்மா இன்னும் ஃபேனைத் தூக்கிக்கொண்டே நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, "ஃபேன் அப்புறம் போடலாம்மா. அது முடியட்டும்" என்றார்கள். அந்த அம்மாவை நான் அந்த நொடியிலேயே கும்பிட்டிருப்பேன்.

அத்தை முடித்துவிட்டது. பெரிய கப்பல் ஒன்று துண்டு துண்டாக வெடித்தது. எல்லாரும் கை தட்டினோம், அப்பாவும்தான். பிறகு என்ன வரப்போகிறது என்று டிவியையே பார்த்தோம். இங்கிலீஷில் ஒரு வரி வந்து போனது. அடுத்து அதே சின்ன விமானம், கீழே அதே ஆற்றுத் தண்ணீர், அதே முதல் ரவுண்டு. "அவ்ளோதானா?" என்றது அத்தை. "அவ்ளோதான்" என்றார் மாப்பிள்ளை. அந்தச் சிரிப்பு அடங்க எவ்வளவு நேரம் ஆனதோ, காபி ஆறிப்போய் அம்மா மறுபடியும் சூடு பண்ணிக் கொண்டுவந்தாள்.

அவர்தான் உங்கள் மாமா. அதற்குப் பிறகு எத்தனையோ ஆட்டம் வந்துவிட்டது. மாமா தன் பிள்ளைக்கு சிடி போடுகிற பெட்டி வாங்கினார். தாம்பரத்தில் கம்ப்யூட்டர் கேம் கடைகளில் ஸ்கூல் பையோடு வரிசையில் நின்றோம். இப்போது எல்லாமே போனுக்குள் வந்துவிட்டது. அத்தை இன்றைக்கும் அனகாபுத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்து வண்ண உருண்டை உடைக்கிற ஆட்டம் ஆடுகிறது, யார் பார்த்தாலும் ஒளிப்பதில்லை. எங்கள் ஆட்டத்தை நிறுத்தி வைக்கலாம், காப்பாற்றி வைக்க முடியாது. உங்கள் ஆட்டத்தைக் காப்பாற்றி வைக்கலாம், நிறுத்தி வைக்க முடியாது. பத்தாவது வரைக்கும் படித்த எனக்கு இதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை. ஆனால் அந்தச் சுவரில் ஒட்டிக்கொண்டு கத்தின பையன் நான்தான். ஒயரைப் பிடுங்கின கையும் என்னுடையதுதான். பாப்பா, அது தப்பு. இனிமேல் சாப்பாட்டுக்கு முன்னால் ஆட்டம் முடிய எவ்வளவு நேரம் என்று முதலில் கேட்கிறேன். நீ பொய் சொல்லாமல் சொல்லணும்.

இதுவரைக்கும் எழுதிவிட்டு மூடி வைத்தேன். நீங்கள் ரெண்டு பேரும் ஸ்கூலில், உங்கள் அம்மா வேலையில். அடுப்பில் குக்கரில் அரிசியை வைத்துவிட்டு, பாப்பா ஆடுகிற ஆட்டத்தை என் போனில் ஏற்றினேன். முதல் தடவை எங்கே போவது என்று தெரியாமல் சுவரில் முட்டிச் செத்தேன். ரெண்டாவது தடவை யாரோ ஒரு பிள்ளை போனுக்குள்ளிருந்து, "அண்ணா, என் பின்னாடியே வா, தனியா போவாத" என்றது. போனேன். குக்கர் விசில் அடித்தது, மூணு, நாலு. ஆட்டத்தில் அந்தப் பிள்ளைக்கு அடிபட்டு, நான் பக்கத்தில் நின்று காவல் காத்துக்கொண்டிருந்தேன். ஏழாவது விசிலில்தான் எங்களால் அந்த இடத்தை விட்டு வெளியே வர முடிந்தது. சாதம் களியாகக் குழைந்திருந்தது. உங்களுக்கு வேற அரிசி களைந்து வைத்துவிட்டு, அந்தக் குழைந்ததில் மோர் ஊற்றிக் கரைத்து நின்றபடியே குடித்தேன்.