புலிவரிக் குட்டிக்கு வைத்த பரீட்சை

மேடவாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அபார்ட்மெண்டில் யாராவது பூனைக்குட்டி வளர்க்க ஆசைப்பட்டால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நானும் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெரிய டாக்டர் தோரணையில் போய் நிற்பேன். கண்ணில் பீளை கட்டியிருக்கிறதா, மூக்கு ஒழுகுகிறதா, காதுக்குள் கறுப்பாக அழுக்கு சேர்ந்திருக்கிறதா, உடம்பு ஒட்டிப்போய் வயிறு மட்டும் உப்பியிருக்கிறதா (அப்படியென்றால் பூச்சி) என்றெல்லாம் பார்த்துத் தீர்ப்புச் சொல்வேன். இதுவரை அப்பீலுக்கு யாரும் போனதில்லை. வெட்கத்தை விட்டு ஒப்புக்கொள்கிறேன்: என் ஆயுளில் நானாகத் தேர்ந்தெடுத்த பூனை ஒன்றே ஒன்றுதான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அந்தக் கைமுதலை வைத்துத்தான் இத்தனை காலமாக நிபுணர் வியாபாரம் நடக்கிறது.

அப்போது மேற்குத் தாம்பரத்தில் இருந்தோம். அதற்குக் கொஞ்சநாள் முன்னால் சாக்கடை ஓரத்திலிருந்து ஒரு குட்டியைத் தூக்கி வந்திருந்தேன். பார்க்கப் பாவமாக இருந்தது என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி கிடையாது. வந்த வாரமே செத்துப்போயிற்று. என்னைவிட அம்மாதான் அதிகம் அழுதாள். அழுது, மூக்கைச் சிந்தி முடித்ததும் சட்டம் போட்டாள். இனி இந்த வீட்டுக்குப் பூனை வருவதென்றால் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், மனுஷரோடு ஒட்ட வேண்டும். சீக்கு வந்தாலோ, கட்டிலுக்கடியில் பதுங்கிக்கொண்டு சீறினாலோ அத்தோடு பூனைப் பேச்சே கூடாது. ஆக, எனக்கு இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு.

எங்களோடு தங்கி கிண்டிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, உதவிக்கு வந்தார். பூனை உள்ளே வந்தால் நாற்காலிமேல் காலைத் தூக்கிவைத்துக்கொள்கிற ஆசாமி அவர். தினமும் அவர் போகும் ரயிலில் ஒரு டீச்சர் வருகிறாராம். சேலையூரில் அவர்கள் வீட்டுப் பூனை நாலு குட்டி போட்டிருக்கிறதாம். மாமாவுக்கு ஏன் இந்த அக்கறை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மனசு மாறிவிடுவார் என்று பயம்.

ஞாயிற்றுக்கிழமை, அந்த வீட்டார் சர்ச்சிலிருந்து திரும்பும் நேரம் பார்த்து, சைக்கிள் பாரில் என்னை உட்காரவைத்துக் கிளம்பினார். பூனை பார்க்கப் போவதற்குச் சட்டையை இஸ்திரி போட்டு, பவுடர் பூசி, தலையை இரண்டு முறை வாரிக்கொண்டார். வராந்தாவில் டீச்சரின் அப்பா, ரிட்டயர் ஆன ஹெட்மாஸ்டர், பேப்பருக்குப் பின்னால் இருந்தார். அட்டைப்பெட்டியில் நாலு குட்டிகள். அதில் புலிவரி போட்ட ஒன்று மட்டும் பெட்டியின் விளிம்பில் ஏறி என் விரலை முகர்ந்தது. எனக்கு அங்கேயே முடிவாகிவிட்டது.

மாமாவுக்கு முடிவாகவில்லை. "அவசரப்படாதடா. வாரத்துக்கு ஒரு டெஸ்ட்டுதான். எல்லாத்தையும் ஒரே நாள்ல பார்த்தா குட்டி மிரண்டுடும்" என்றார்.

முதல் வாரம் கண்ணும் மூக்கும். அடுத்த வாரம் காது. குட்டிக்குப் பின்னால் நின்று சொடக்குப் போட வேண்டும்; திரும்பிப் பார்த்தால் காது சரி. புலிவரி சட்டென்று திரும்பியது. அதற்கடுத்த வாரம் நடை. டீச்சராவது எனக்காகப் பரிந்து பேசுவார் என்று பார்த்தால், "இன்னும் தாய்ப்பால் மறக்கல தம்பி. அடுத்த வாரமும் வாங்களேன்" என்று முறுக்கைக் கையில் கொடுத்தார். நான் தரையில் குட்டிகளோடு கிடக்க, அவர்கள் இருவரும் தூணோரம் நின்று பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒரு பூனையின் காதைப் பற்றி இவ்வளவு நேரம் பேச முடியுமா என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

இதற்கிடையே மற்ற மூன்று குட்டிகளும் வேறு வீடுகளுக்குப் போய்விட்டன. ஒவ்வொரு ஞாயிறும் சைக்கிள் நிற்பதற்கு முன்பே குதித்து ஓடிப்போய்ப் பெட்டியை எட்டிப் பார்ப்பேன்.

கடைசியில் அந்த நாளும் வந்தது. ஹெட்மாஸ்டர் பேப்பரை இறக்காமலே சொன்னார்: "அந்த வரிக்குட்டியை மாடம்பாக்கத்துல கேட்டிருக்காங்க. நாளைக்கு வந்து எடுத்துக்கிறாங்களாம்."

மாமா டீச்சரைப் பார்த்தார். நான் தொப்பென்று தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். புலிவரி என் முழங்காலில் நகம் பதித்து ஏறி, மடியில் சுருண்டு, குர்ரென்று சத்தம் போடத் தொடங்கியது. அந்தத் தைரியத்தில் என் வழக்கை எடுத்துவைத்தேன்.

"சார், இது கண்ணு, மூக்கு, காது எல்லாத்துலயும் பாஸ். மடியிலயும் தூங்குது. எனக்கு முதல் நாளே இதைப் பிடிச்சுப்போச்சு. மாமாதான் இன்னும் பார்க்கணும் பார்க்கணும்னு வாராவாரம் கூட்டிட்டு வர்றாரு. அவருக்குப் பூனைன்னாலே பயம் சார்."

பேப்பர் மெதுவாக இறங்கியது. "பூனைன்னா பயமா?"

"கொஞ்சம் சார்" என்றார் மாமா.

டீச்சர், அடுப்பில் பால் வைத்தது திடீரென்று நினைவுக்கு வந்தவராக உள்ளே போய்விட்டார். ஹெட்மாஸ்டர் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குட்டியைப் பார்ப்பேனே, கண், மூக்கு, காது என்று, அதே வரிசையில். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ எடுத்துக்கோப்பா. மாடம்பாக்கத்துக்கு நான் சொல்லிக்கிறேன்" என்றார். மாமாவிடம், "தம்பி, அடுத்த ஞாயிறு உங்க அக்காவைக் கூட்டிட்டு வாங்க. பூனையை நடுவுல வெச்சுக்காம நேரா பேசுவோம்."

முதல் வாக்கியத்தோடு என் காது அடைத்துவிட்டது. ஒயர் கூடையில் துண்டு விரித்துக் குட்டியை வைத்து, ராஜா மாதிரி பாரில் ஏறி உட்கார்ந்தேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. பக்கத்தில் மீன்கூடையோடு நின்றவர், "இன்னா சார், உள்ள குயந்தையா கீது? இந்தக் கத்து கத்துது" என்றார். மாமா மூடிய கேட்டைப் பார்த்து சைக்கிள் பெல்லை அடித்துக்கொண்டே இருந்தார். பூனை பயம் என்று நினைத்து, "கடிக்காது மாமா, நான் டெஸ்ட் பண்ணிட்டேன்" என்று தேற்றினேன்.

வீட்டுக்கு வந்த குட்டி நேராக அம்மாவிடம் போய், புடவை முந்தானையில் படுத்துத் தூங்கியது. அம்மா எழுந்திருக்காமல் உட்கார்ந்தபடியே என்னைச் சாதம் போட்டுக்கொள்ளச் சொன்னாள். என் வாழ்க்கையில் அப்படியொரு முழு வெற்றி அதற்கப்புறம் வாய்க்கவில்லை. சளி, காய்ச்சல், சொறி எதுவும் அண்டாமல், நான் காலேஜ் முடிக்கும்வரை எங்களோடு இருந்தது அந்தப் பூனை.

பூனையை ஒரே சாயங்காலத்தில் ஏற்றுக்கொண்ட அம்மாவுக்கு, மாமா சொன்ன இன்னொரு விஷயத்தை ஏற்றுக்கொள்ள வெகுகாலம் பிடித்தது. சர்ச்சுக்குப் போகிறவர்களோடு என்ன பேச்சு, சேலையூருக்கு வர மாட்டேன் என்றாள். கூடத்தில் குரல்கள் ஏறின. ஒவ்வொரு தடவையும் பூனையைத் திருப்பிக் கொடுக்கத்தான் சண்டை போடுகிறார்கள் என்று முடிவுகட்டி, அதைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். பிறகு ஒருநாள் சண்டை ஓய்ந்தது. எங்கள் வீட்டில் மாமாவுக்குக் கல்யாணப் பேச்சு எழுந்தது. பூனை பிழைத்தது என்று நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

போன மாதம் சேலையூரில் மாமா வீட்டில் இந்தக் கதையை விஸ்தாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமா சோபாவில் செல்போனுக்குள் தலையைவிட்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துபோன அத்தை, அவருக்குப் பின்னால் வந்து நின்று ஒரு சொடக்குப் போட்டார். மாமா திரும்பவில்லை.

"அன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் பூனைக்குச் சொடக்குப் போட்டப்போ, நான் சிரிச்சுக்கிட்டு சும்மா நின்னுட்டேன்" என்றார் அத்தை. "அப்பவே இவருக்கும் ஒண்ணு போட்டுப் பார்த்திருக்கணும்."