இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது

"கையை இங்க குடும்மா. பல்லைக் கடிக்காத, மூச்சை விடு" என்று சொல்லிக்கொண்டே, படுத்திருப்பவளின் உள்ளங்கையைத் தன் இரு கைகளுக்குள் பொத்திக்கொள்வாள் ஸ்கேன் அறை ஆயாம்மா. வயது முப்பத்தாறுதான். அந்த அறையில் வேலைக்குச் சேர்ந்த அன்றே ஆயாம்மா ஆகிவிட்டாள்.

கருக்குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் ஸ்கேன் அது. டாக்டரம்மா மெல்லிய குழல் வழியே நுரை மருந்தைச் செலுத்துவார். அது திரையில் வெள்ளையாக ஓடினால் வழி திறந்திருக்கிறது. அடிவயிறு சுருட்டிப் பிடிக்கும் அந்த நேரத்துக்கு ஆயாம்மாவிடம் ஒரு பேச்சு உண்டு. "நிறைய பேருக்கு இதுக்கப்புறம் தானாவே கரு நின்னுருக்கு. போன மாசம்கூட ஒருத்தி வந்து சொல்லிட்டுப் போனா." எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் கூசாமல் இரண்டு என்பாள். பெரியவன் கணக்கில் மந்தம், சின்னது வாயாடி என்று உபரியும் சேர்ப்பாள். பிள்ளை இல்லாதவளின் கையைப் பிடித்துக்கொண்டு படுக்க யாருக்கு மனசு வரும் என்பது அவள் எண்ணம்.

கல்யாணமாகிப் பதினோரு வருடம். ஆறு மாதத்துக்கு முன் ஒரு மதியம், கூட்டம் ஓய்ந்தபின், டாக்டரம்மா அவளையே அந்தக் கட்டிலில் படுக்கச் சொன்னார். பிடித்துக்கொள்ளக் கை இல்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பக்கமும் நுரை தங்குதடையின்றி ஓடியது. சின்ன அடைப்பு ஏதும் இருந்திருந்தால் கழுவிக்கொண்டு போயிருக்கலாம், அடுத்த சில மாதங்களில் தானாகக் கரு நிற்க வாய்ப்பு கொஞ்சம் கூடலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. கடைசியில் சொன்னது மட்டும் அவள் காதில் ஏறவில்லை. பஸ் ஓட்டும் கணவன் கெஞ்சிக் கூத்தாடி நைட் டூட்டியை மாற்றிக்கொண்டான். அவள் தண்ணீர் வாளி தூக்குவதை விட்டாள். படியேறும்போது ஒரு கை தானாக வயிற்றுக்குப் போனது.

ஆறாவது மாதம் ஒன்பது நாள் தள்ளிப்போயிற்று. பத்தாம் நாள் காலை குளியலறையிலிருந்து வந்தவளின் முகத்தைப் பார்த்ததுமே கணவனுக்குப் புரிந்துவிட்டது. சட்டைப் பொத்தானைப் போட்டபடி, "சரி விடு" என்றான். வேலைக்குப் போனான். அடைப்பு இருந்தால் அதன்மேல் பழியைப் போடலாம். எல்லாமே சரியாக இருந்தால் யாரை நோவது? அவளும் கிளம்பி வேலைக்கு வந்தாள்.

அன்று முதலில் படுத்தவள் சின்னப் பெண். நுரை ஏறும்போது ஆயாம்மாவின் விரல்களை நெரித்தபடி கேட்டாள்: "இதுக்கப்புறம் தானா நிக்குமாமே, நிஜமாக்கா?"

வழக்கமான பதிலைச் சொல்லத்தான் ஆயாம்மா வாயைத் திறந்தாள்.

"சிலருக்கு நிக்கும்மா. எனக்கு நிக்கல."

அந்தப் பெண் கையை மெல்ல உருவித் தன் மார்மேல் வைத்துக்கொண்டாள். திரையில் இரண்டு பக்கமும் வெள்ளையாக ஓடியது.

முடிந்து எழுந்தவளுக்குத் தலை சுற்றியது, குனிய முடியவில்லை. ஆயாம்மா தரையில் குத்தவைத்து உட்கார்ந்து அவள் செருப்பு வாரை மாட்டிவிட்டாள். இரண்டு காலுக்கும் மாட்டியாயிற்று. "போதும்க்கா" என்றாள் அந்தப் பெண். ஆயாம்மா தலை குனிந்தபடி, வாரைப் பிடித்த கையை எடுக்காமல், அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.