சுமித்ரா சுக்லாவின் மூன்று கணவர்களும் ஹம்சாவின் நெற்றியும்

உண்மையைச் சொல்லுங்கள்: உங்கள் வீட்டு டி.வி.யில் போன வாரம் வரை அப்பாவாக இருந்த ஆள், இந்த வாரம் வேறு மூக்கோடும் வேறு குரலோடும் அதே நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்தபோது, எவ்வளவு நேரம் திகைத்தீர்கள்? விளம்பரம் முடிவதற்குள் அவரையே அப்பாவாக ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள், இல்லையா? அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மனித மூளையில் அவ்வளவு தாராளம் இருக்கிறது. டி.வி.யை அணைத்துவிட்டு வாசல் கதவைத் திறந்ததும் அந்தத் தாராளம் எங்கே போய்த் தொலைகிறது? ஹம்சாவின் கதையைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

ஹம்சா டெல்லியில் பிறந்தவள். ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் முதல் மாடி வீடு, ஒரு அமைச்சகத்தில் கிளார்க் வேலை, கணவர் வெங்கட்ராமன் இன்னொரு அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். தமிழை வீட்டில் பேசுவாள். படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டுவாள். இந்தியோ காய்கறிக்காரனே அசந்துபோகும் இந்தி. அவள் அலுவலகத்தில் வருடா வருடம் இந்தியை வளர்ப்பதற்காக நாடகப் போட்டி நடக்கும். பரிசை வருடா வருடம் இந்தத் தமிழ்ப் பெண் தட்டிக்கொண்டு போவாள். லக்னோவிலும் அலகாபாத்திலும் பிறந்த மேலதிகாரிகள் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு கைதட்டுவார்கள்.

அப்படி ஒரு போட்டிக்கு நடுவராக வந்த தயாரிப்பாளர்தான் அவளைச் ‘சுக்லா சதன்’ தொடருக்கு அழைத்தார். தொண்ணூறுகளின் தொடக்கம். செவ்வாய்க்கிழமை தோறும் மாலையில் அரை மணி நேரம். டெல்லியில் குடியேறிய ஒரு லக்னோ குடும்பம். கஞ்சத்தனமான அப்பா சுக்லா, அவரைச் சமாளிக்கும் அம்மா சுமித்ரா, அடங்காத இரண்டு பையன்கள். எங்கே சிரிப்பது என்று நமக்குச் சந்தேகம் வராமலிருக்க, பெட்டிக்குள்ளிருந்து யாரோ முன்கூட்டியே சிரித்துக் கொடுப்பார்கள். ஹம்சாதான் சுமித்ரா. சனி, ஞாயிறுகளில் நொய்டாவில் படப்பிடிப்பு.

குடியிருப்பில் அவளுக்கு ஏகப்பட்ட பெருமை. அங்கே வெள்ளிக்கிழமை மாலையானால் தமிழ்ப் பெண்கள் இரண்டாம் மாடி மீனாக்ஷி மாமி வீட்டில் கூடுவார்கள். மாமியின் கணவர் கல்யாணராமன் அண்டர் செக்ரட்டரி. ஆகையால் மாமி கட்டடத்துக்கே செக்ரட்டரி. முதலில் சஹஸ்ரநாமம், பிறகு சுண்டல், கடைசியில் குங்குமமும் வெற்றிலை பாக்கும். ஹம்சாவுக்குப் பக்தி உண்டா என்று கேட்டால், பாதி நாமங்களுக்கு வாயைத்தான் அசைத்தாள். ஆனால் அந்த ஜமக்காளம் அவளுக்கு வேண்டியிருந்தது. வாரம் முழுவதும் கோப்பு, பஸ், குக்கர் என்று ஓடுகிறவள், காலை நீட்டி உட்கார்ந்து மாமியாரைத் திட்டிச் சிரிக்க டெல்லியில் வேறு இடம் கிடையாது. இரண்டாவது பிரசவத்தில் அவள் எழுந்து நடமாடும் வரை முறை வைத்துச் சமைத்துப் போட்டவர்கள் அந்தப் பெண்கள்தான்.

தொடரின் முதல் சுக்லா பம்பாய்க்குச் சினிமா தேடிப் போய்விட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை இரண்டாமவர், முன்னவரின் பழுப்பு ஸ்வெட்டரையே போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஸ்வெட்டரின் கை அவருக்கு முழங்கையோடு நின்றது. ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. குடியிருப்பில் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. “இவர் முன்னவரைவிட நல்ல கலர்” என்றாள் மீனாக்ஷி மாமி. அவ்வளவுதான்.

இரண்டாமவர், தொடரின் தொடக்கத்தில் எழுத்து ஓடும்போது தன் பெயர் ஹம்சாவின் பெயருக்கு முன்னால் வரவேண்டும் என்று சண்டை போட்டார். தயாரிப்பாளருக்குக் கோபம் வந்தது. லக்னோ போகும் ரயிலில் சுக்லாவை ஏற்றி, அந்த ரயிலைப் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளிவிட்டார். சிரிப்புத் தொடரில் சாவா என்று கேட்டவர்களிடம், “அழுதுவிட்டுச் சிரித்தால் நன்றாகச் சிரிப்பார்கள்” என்றார்.

ஆக, சுமித்ரா விதவையாக வேண்டியதாயிற்று. ஒப்பனைக்காரர் பஞ்சை நனைத்து ஹம்சாவின் நெற்றியைத் துடைத்தார். தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் தள்ளிக்கொண்டு, வெள்ளைப் புடவையில் அழுதாள். அன்று துணைக்கு வந்திருந்த வெங்கட்ராமன் கேமராவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சமோசா தின்றுகொண்டே, தன் மனைவி விதவையாவதைப் பார்த்தார்.

“ஏன்னா, எப்படி இருந்தது?” என்று கேட்டாள் அவள்.

“நன்னா அழுதே. எனக்கே என்னை நெனச்சு துக்கமாப் போச்சு.”

அந்தக் காட்சி ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. அந்த வெள்ளிக்கிழமை மீனாக்ஷி மாமி வழக்கம்போல் குங்குமச் சிமிழோடு ஒவ்வொரு வீடாக அழைக்க வந்தாள். படியில் செருப்புச் சத்தம் கேட்டு ஹம்சா முகத்தைக் கழுவிக்கொண்டு கதவருகே நின்றாள். சத்தம் பக்கத்து வீட்டில் நின்றது, பேச்சு, சிரிப்பு. பிறகு ஹம்சாவின் கதவைத் தாண்டிப் போய்விட்டது. எதிர்வீட்டுக் கதவையும் தாண்டியது. ஆனால் எதிர்வீட்டை எப்போதுமே தாண்டும். அங்கே லீலாவதி இருந்தாள். கணவர் இறந்தபின் அவர் அலுவலகத்தில் கருணை அடிப்படையில் வேலை பெற்றுத் தனியாக மகளை வளர்ப்பவள். விதவை.

மறுநாள் காலை பால் பூத் வரிசையில் ஹம்சா மாமியைப் பிடித்துக்கொண்டாள்.

“மாமி, நேத்திக்கு என்னை மறந்துட்டேளா?”

“மறக்கலைடி. செவ்வாக்கிழமை எல்லாரும் பாத்தோமே. வெள்ளப் புடவை, வெறும் நெத்தி... மனசுக்கு ஒரு மாதிரியா ஆயிடுத்து.”

“அது ஸீரியல், மாமி!”

“ஸீரியல்தான், யார் இல்லேன்னா? நெத்தி உன்னோடதுதானே?”

ஹம்சாவுக்குச் சிரிப்பு வந்தது. மாமி சிரிக்கவில்லை என்று கண்டதும் வந்த சிரிப்பு நின்றது.

“என் ஆத்துக்காரர் குத்துக்கல்லாட்டம் இருக்கார். இதோ பின்னாடி பால் டோக்கன் வாங்கிண்டு நிக்கறார் பாருங்கோ.”

“நன்னா இருக்கட்டும், தீர்க்காயுசா இருக்கட்டும். அதுக்குத்தான் சொல்றேன். கோவில்ல ஒரு அபிஷேகம் பண்ணு. அந்த ஸீரியலை விட்டுத் தள்ளு. நானே வந்து குங்குமம் இட்டு அழைச்சுண்டு போறேன்.”

இதில் என்ன வேடிக்கை என்றால், இந்த மாமி புத்தி குறைந்தவள் இல்லை. ரேஷன் கடைக்காரனின் தராசில் உள்ள ஏமாற்றை நாலு வீடு தள்ளி நின்றே கண்டுபிடிப்பாள். சுக்லா சாகவில்லை, நடிகர் கரோல்பாகில் ஜிலேபி தின்றுகொண்டிருக்கிறார் என்பதும் தெரியும். தெரிந்தும் நம்புவாள். இந்தப் பயிற்சி நமக்குச் சின்ன வயதிலேயே கொடுக்கப்படுகிறது. மண் பொம்மை என்று தெரிந்தேதானே அதன் கண்ணுக்கு முன்னால் சுண்டலை வைத்துவிட்டுக் காத்திருக்கிறோம்?

வெங்கட்ராமன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “நான் வேணா லைஃப் சர்ட்டிபிகேட் குடுக்கட்டுமா? பென்ஷன்காரா வருஷா வருஷம் குடுக்கறாளே” என்றார்.

“எல்லாம் உங்களுக்கு விளையாட்டு.”

“ஸீரியலை விடப் போறியா?”

“அதை ஏன் விடணும்? வெள்ளிக்கிழமையை மட்டும் ஏன் விடணும்? ரெண்டும் என்னோடது.”

ஆகஸ்டில் வெங்கட்ராமனுக்கு ஜலதோஷம் பிடித்தது. அந்த மழையில் டெல்லியில் பாதிப் பேருக்குப் பிடித்திருந்தது. ஆனால் அவர் தும்மல் மட்டும் இரண்டாம் மாடி வரை கேட்டது. “பாத்தியா” என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். அவர் கஷாயம் குடித்துக் குணமானார். அதற்கு யாரும் “பாத்தியா” சொல்லவில்லை.

வரலக்ஷ்மி நோன்பு வந்தது. மாடியில் பாட்டும் மணியும். ஹம்சா பால்கனியில் நின்று காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். காய்ந்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள் என்று சொல்வது சரி. ஒட்டினாற்போலிருந்த எதிர்வீட்டுப் பால்கனியிலிருந்து லீலாவதி எட்டிப் பார்த்தாள்.

“வாங்கோ, புது மெம்பர்.”

ஹம்சா துணியோடு பால்கனிச் சுவர் அருகே வந்தாள்.

“உன் ஆத்துக்காரர் டி.வி.ல செத்தார், என் ஆத்துக்காரர் ஆஸ்பத்திரில செத்தார். ரெண்டு பேருக்கும் ஒரே ட்ரீட்மெண்ட். அந்த வரைக்கும் மாமி பாரபட்சம் பாக்கல.” லீலாவதி ஒரு தட்டை நீட்டினாள். “வடை சாப்பிடு. பூஜை பண்ணாத வடை. ஆனா மொறுமொறுன்னு இருக்கு.”

ஹம்சா வடையை வாங்கிக்கொண்டாள். கடிக்க முடியவில்லை. போன நவராத்திரியில் தன் சொந்தச் சிமிழை எடுத்துக்கொண்டு படியில் இறங்கியபோது, லீலாவதியின் கதவை அவளும் தாண்டித்தான் போயிருந்தாள். கெட்ட எண்ணத்தால் அல்ல; யோசிக்காததால். இந்த நாட்டில் நடக்கும் அநியாயத்தில் முக்கால்வாசி, யோசிக்க நேரமில்லாத நல்லவர்கள் செய்வது.

“உங்களுக்குக் கஷ்டமா இல்லையா, லீலா?”

“மொதல் வருஷம் அழுதேன். அப்பறம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூங்கப் பழகிட்டேன்.”

இதற்கிடையில் சுக்லா செத்தது நாட்டுக்குப் பிடிக்கவில்லை. சாக்குச் சாக்காகக் கடிதம் வந்ததாம். விளம்பரக்காரர்கள் முகம் சுளித்தார்கள். தயாரிப்பாளர் ஆற்றிலிருந்து சுக்லாவை மீட்டார். ஏதோ ஒரு கிராமத்து ஆஸ்பத்திரியில், முகமெல்லாம் கட்டோடு, நினைவு தப்பிக் கிடந்தாராம். செப்டம்பர் கடைசிச் செவ்வாய்க்கிழமை கட்டை அவிழ்த்தார்கள். உள்ளே மூன்றாவது நடிகர் இருந்தார். மீசை முளைத்திருந்தது, வயது குறைந்திருந்தது, ஒரு சாண் உயரமும் கூடியிருந்தது. மருத்துவ விஞ்ஞானம் தூக்குப் போட்டுக்கொள்ளாததுதான் ஆச்சரியம். சுமித்ரா நெற்றி நிறையச் சிந்தூரத்தோடு ஆரத்தி எடுத்தாள்.

புதன்கிழமை காலை, காபி ஆறுவதற்குள், மீனாக்ஷி மாமி சிமிழோடு ஹம்சா வீட்டு வாசலில் நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

“வந்துட்டாரேடி!”

“யாரு மாமி?”

“சுக்லாதான்! எத்தனை வேண்டிண்டேன் தெரியுமா?”

“அவர் மூஞ்சியே வேற, மாமி.”

“மூஞ்சியில என்ன இருக்கு? வந்துட்டாரோன்னோ, அது போறும். நாளன்னிக்கு நவராத்திரி ஆரம்பம். ஆத்துக்கு வந்துடு. நெத்தியக் காட்டு.”

குளித்துவிட்டுத் துண்டோடு வந்த வெங்கட்ராமன் கும்பிட்டார். “நமஸ்காரம் மாமி. நானும் இத்தனை நாளா இங்கதான் இருந்தேன்.”

“போடா, உனக்கு எப்பவும் கேலிதான்” என்று சொல்லிவிட்டு மாமி மாடியேறினாள்.

பாருங்கள் இதை. கூட வாழ்ந்து, வேலைக்குப் போய், பால் வாங்கி, தும்மி, உயிரோடிருந்த ஒரு மனிதனால் தன் மனைவியின் நெற்றிக்குப் பெற்றுத் தர முடியாத குங்குமத்தை, பெயர் கூடத் தெரியாத மூன்றாவது நடிகர் ஒருவர் ஒரே ராத்திரியில் பெற்றுத் தந்துவிட்டார்.

ஹம்சா கேட்டதெல்லாம் இதைத்தான். ஜமக்காளம் திரும்பக் கிடைத்துவிட்டது. பேசாமல் போய் உட்கார்ந்திருக்கலாம். வெள்ளிக்கிழமை மாலை கொலுவுக்குக் கிளம்பியவள் எதிர்வீட்டு மணியை அழுத்தினாள்.

“லீலா, கிளம்புங்கோ. கொலுவுக்குப் போறோம்.”

“உனக்கென்ன பைத்தியமா?”

“ஆமா. புடவை மாத்திண்டு ஜல்தி வாங்கோ.”

மாமி வீட்டில் படிகளில் பொம்மைகள், சீரியல் விளக்கு, பட்டுப் புடவைகள். இருவரும் கைகோத்துக்கொண்டு நுழைந்ததும் பாட்டு நடுவரியில் நின்றது. மாமியின் கையிலிருந்த வெற்றிலைத் தட்டு ஹம்சாவுக்கும் லீலாவதிக்கும் நடுவில் தொங்கியது.

“ஹம்சா, இது நன்னா இல்லை.”

“எது மாமி? எனக்கு இந்தக் குங்குமம் யாரால வந்தது? அந்த மூணாவது நடிகரால. அவர் நாளைக்குச் சண்டை போட்டுண்டு போயிட்டா மறுபடியும் பிடுங்கிப்பேளா? நாலாமவர் வந்தா திருப்பிக் குடுப்பேளா? டி.வி.ல மூணு பேரை மாத்தினா ஒத்துக்கறேள். இவ ஒரே ஒருத்தரோட வாழ்ந்து, அவர் போனப்பறமும் கண்ணியமா இருக்கா. இவளுக்கு மட்டும் கதவு கிடையாதா?”

“என்னை விடு ஹம்சா” என்றாள் லீலாவதி. “நான் சுண்டலுக்குத்தான் வந்தேன்.”

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். மாமியின் மகள் ஷ்ரேயாதான், கல்லூரிப் பெண். “மம்மி, குடுத்துடேன்! என்ன ஆயிடப் போறது? க்யா ஃபர்க் பட்தா ஹை?” என்றாள்.

மாமி நகரவில்லை. ஹம்சா தட்டிலிருந்த சிமிழை எடுத்து லீலாவதி பக்கம் திரும்பினாள். “இடட்டுமா?”

“எனக்குக் கை இருக்கு” என்று லீலாவதி தானே விரலைத் தோய்த்து, தன் நெற்றியில் இட்டுக்கொண்டாள். பழக்கம் விட்டுப்போனதால் கொஞ்சம் கோணலாக விழுந்தது. இரண்டு பெண்கள் எழுந்து போனார்கள். மற்றவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வானம் இடியவில்லை, பொம்மைகளில் ஒன்றுகூடக் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

மீனாக்ஷி மாமி திருந்திவிட்டாள் என்று எழுத ஆசைதான். அன்று லீலாவதிக்குச் சுண்டல் கொடுத்தாள், வெற்றிலை கொடுக்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து இரண்டு கதவுகளையும் தாண்டிப் போனாள். ஆனால் ஹம்சா வீட்டிலும் ஒரு ஜமக்காளம் விரிந்தது. சஹஸ்ரநாமம் கிடையாது, சுண்டலும் மாமியார் வசையும் தாராளமாக உண்டு. முதல் அழைப்பு எப்போதும் எதிர்வீட்டுக்கு. மெல்ல மெல்ல மாடிப் பெண்கள் சிலர் இரண்டு இடத்துக்கும் வர ஆரம்பித்தார்கள். ஷ்ரேயா இங்கே மட்டும் வந்தாள்.

மறு வருடம் தொடரில் ஹம்சாவையும் மாற்றிவிட்டார்கள். மூன்றாவது சுக்லாவுக்கு அவள் அக்கா மாதிரி இருக்கிறாளாம். புதிய சுமித்ராவுக்கும் மூத்த மகனுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. ஹம்சா ஒரு நாள் முழுக்கச் சமைக்காமல் படுத்திருந்தாள். பிறகு எழுந்து அலுவலகம் போனாள். மாடியில் செவ்வாய்க்கிழமை எல்லோரும் புதியவளைப் பார்த்தார்கள். “புடவை நன்னா இருக்கு” என்றாளாம் மாமி.

ஆக, உங்களால் முடியும். ஒரே வாரத்தில் அப்பாவை மாற்றுகிறீர்கள், அம்மாவை மாற்றுகிறீர்கள், ஆற்றில் விழுந்தவனை எழுப்புகிறீர்கள். பழக்கத்தை மாற்ற முடியாது என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள். இந்த நவராத்திரிக்குச் சிமிழை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, நீங்கள் வழக்கமாகத் தாண்டிப்போகும் அந்த ஒரு கதவின் முன்னால் நில்லுங்கள். மணியை அழுத்துங்கள். அவர் திறக்கும் வரை அங்கேயே நில்லுங்கள்.