கோலத்திலிருந்து உருவிய பூ

தாமரைச்செல்விக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டாள். அதுதான் பயப்பட வேண்டிய விஷயம். அவனியாபுரத்தில் அவளுக்கு எதிர்வீட்டுக்காரி நான். கத்துகிறவர்களைச் சமாளித்துவிடலாம், அவளை முடியாது.

கீழ்வீட்டில் மூத்தவர் சிவனாண்டி, அவர் பெண்டாட்டி முத்துமீனா. மாடியில் இளையவன் அழகுபாண்டியும் தாமரையும். அழகுபாண்டி ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், அண்ணன் முன்னால் வாய் திறக்காத பிள்ளைப்பூச்சி. மொட்டைமாடி இரண்டு குடும்பத்துக்கும் பொது. அங்கேதான் தாமரையின் தோட்டம். பழைய பெயிண்ட் வாளியில் கத்தரி, சிமெண்ட் சாக்கில் தக்காளி, தண்ணீர்த் தொட்டி ஓரம் ஒரு பூசணிக்கொடி. காய்த்தோலும் டீத்தூளும் டிரம்மில் மக்கி உரமாகும். அரிசி கழுவிய தண்ணீர் ஒரு சொட்டு சாக்கடைக்குப் போகாது.

முத்துமீனாவுக்கோ அந்த மாடியில் ரூம் கட்டி வாடகைக்கு விட வேண்டும். "குப்பையக் கூட்டி வச்சுக் கும்புடுறா" என்று புருஷன் காதில் ஓதிக்கொண்டே இருந்தாள். கடைசியில் சிவனாண்டி தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "இந்தாத்தா, பொங்கலுக்கு வைக்கிற பூசணிக்காய் ஒன் கொடியில காய்ச்சா தோட்டம் இருக்கட்டும். இல்லேன்னா தையில கொத்தனார் வருவாரு."

மார்கழி பிறந்தது. முத்துமீனா விடியுமுன் டார்ச்சோடு மொட்டைமாடி ஏறிப் பூசணிப்பூவைப் பறித்து வந்து, வாசல் கோலத்தில் சாணி உருண்டை வைத்துச் செருகினாள். பறித்ததெல்லாம் நீளக்காம்பு ஆண்பூ, ஒன்று விடாமல். அடியில் பிஞ்சோடு இருக்கும் பெண்பூவைத் தொடவே இல்லை. சோழவந்தான் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவள். ஆண்பூ இல்லாமல் பிஞ்சு நிற்காது என்று அவளுக்கா தெரியாது? பிஞ்செல்லாம் மஞ்சளடித்து உதிர்ந்தது.

"அக்கா, ஒரு பூவ மட்டும் விட்டுட்டுப் பறிங்களேன்" என்று தாமரை கேட்டாள்.

"ஏன்டி, மார்கழிக் கோலத்துக்கு எடுக்குற பூவுலயா கஞ்சத்தனம் பாப்ப? நான் ஒன் பிஞ்சத் தொட்டேனா?"

கோலத்துக்குப் பூ இல்லை என்று எங்கள் ஊரில் எவளும் வாயெடுத்துச் சொல்ல முடியாது. அதைத் தெரிந்துகொண்டுதான் ஆடினாள் பாதகத்தி. எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. தாமரை சிரித்துவிட்டு மாடிக்குப் போனாள். அந்தச் சிரிப்பு எனக்கு நல்லதாகப் படவில்லை.

மறுநாள் வெளிச்சம் வந்ததும் வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தேன். முத்துமீனா அடுப்படிக்குப் போயிருந்தாள். தாமரை இறங்கி வந்து, கோலத்தின் முன் குனிந்து, சாணி உருண்டையிலிருந்து ஒரு பூவை உருவி முந்தானைக்குள் வைத்தாள். எனக்குத் திக்கென்றது. அடுத்தவள் கோலத்தில் கை வைப்பதாவது!

"என்னடி இது, செய்வினையா?"

"ஆமாக்கா. அவுக பறிச்ச பூவாலயே அவுகளுக்கு வைக்கிறேன். வந்து பாருங்க."

மாடியில் அந்த ஆண்பூவின் இதழைக் கிழித்துப் போட்டுவிட்டு, நடுவில் இருந்த மகரந்தத்தை, விரிந்திருந்த பெண்பூவுக்குள் அழுத்தித் தடவினாள், பகையாளி கண்ணில் மிளகாய்ப்பொடி அப்புகிற மாதிரி. பிஞ்சு பிடித்ததும் அதன்மேல் உடைந்த வாளி ஒன்றைக் கவிழ்த்தாள். இருட்டில் பூ பறிக்க வருகிறவள் வாளியையா தூக்கிப் பார்க்கப் போகிறாள்?

அந்த மாதம் முழுக்க "தையில ரூம் எழும்புது" என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தாள் முத்துமீனா. கொத்தனாருக்கு வெற்றிலை பாக்குகூட வைத்தாயிற்று. "கோலம் அருமையா இருக்குக்கா, நாளைக்கும் நெறையப் பூ வைங்க" என்பாள் தாமரை.

பொங்கலன்று வாசலில் பானை பொங்கிக் குலவை போட்டு முடிந்தது. "காய் எங்கத்தா?" என்றார் சிவனாண்டி.

"கடையில வாங்கி வச்சிருக்கேன்" என்று முத்துமீனா துள்ளி எழுந்தாள்.

அதற்குள் தாமரை இறங்கி வந்தாள், இடுப்பில் பிள்ளையைப்போல் ஒரு பச்சைப் பூசணிக்காயோடு. முழுப் பூசணியைப் பெண்கள் வெட்டக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். அரிவாளைச் சிவனாண்டியிடம் நீட்டினாள். பெண்டாட்டி கட்ட நினைத்த ரூமைப் புருஷனே வெட்டட்டும் என்றுதான். அவர் காம்பைத் தொட்டார். அப்போதுதான் அறுத்த காய், சாறு விரலில் ஒட்டியது. ஒரே போடு போட்டார்.

"பொய்யி! நான்தான் ஒரு பூ விடாமப் பறிச்சேனே!" என்று அலறிவிட்டாள் முத்துமீனா.

தெருவே திரும்பிப் பார்த்தது. சிவனாண்டி முகம் கறுத்துவிட்டது. "அப்ப வேணும்னுதான் பறிச்சியா? கொத்தனார வர வேணாம்னு சொல்லு."

தாமரை பெரிய பாதியை எடுத்து முத்துமீனா கையில் வைத்தாள். "ஒங்க கோலத்துல இருந்து எடுத்த பூவுல காய்ச்சதுக்கா. நீங்களே கொழம்பு வைங்க. எம்புட்டுப் பேரு நிக்கிறாக பாருங்க, எல்லாருக்கும் காணணும்."

எனக்கும் ஒரு கிண்ணம் வந்தது. உப்பு கொஞ்சம் தூக்கல். இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.