எங்கள் குப்பத்தைப் பேய்க் குப்பமாக்கிய கதை

அந்த விளையாட்டுக்குப் பலகையும் கிடையாது, காயும் கிடையாது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசுவார்கள். பூட்டிய கதவு திறக்குமா, சொன்ன பொய் அம்பலமாகுமா என்பதைப் பகடை முடிவு செய்யும். கதையை நடத்துபவருக்குப் பெயர் கேம் மாஸ்டர்.

தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்திருந்த காலம். நான் வேலை பார்த்த டேட்டா என்ட்ரி ஆபீஸில் டீம் லீடர்தான் எங்களுக்குக் கேம் மாஸ்டர். திகில் கதையை எப்படி நடத்துவது, துப்புகளை எங்கே ஒளிப்பது என்று இணையத்திலிருந்து கட்டுக்கட்டாகப் பிரிண்ட் எடுத்து வருவார். சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் மீட்டிங் ரூமில் அவரைச் சுற்றி உட்காருவோம். எனக்கு அது பைத்தியமாகவே பிடித்துப்போனது.

ஒருநாள் அவர் கேட்டார்: "நீ திருவொற்றியூர்தானே? அடுத்த கதைய அந்தப் பக்கம் வைக்கப்போறேன். உங்க குப்பத்தப் பத்திச் சொல்லேன்."

எங்கள் பக்கத்தைப் பற்றி யாரும் ஆசையாகக் கேட்டதில்லை. வண்ணாரப்பேட்டைக்குத் துணி வாங்க வருவார்கள். அதைத் தாண்டி வடக்கே வர மாட்டார்கள். அதனால் வாய் ஓயாமல் சொன்னேன். அலை அரித்துக்கொண்டுபோன வீடுகளை, கரையில் கொட்டிய கருங்கற்களை. சந்துகளை வரைந்து கொடுத்தேன். கல்லில் அலை மோதும் சத்தத்தைக் கேசட்டில் பிடித்துக் கொடுத்தேன். கடலுக்குப் போன சித்தப்பா திரும்பாதபோது சித்தி கரையை விட்டு நகராமல் நின்றதையும், "வந்துடுய்யா, சோறு ஆறிப்போவுது" என்று தண்ணீரைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்ததையும்கூடச் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை கதை தொடங்கியது. வடக்கே ஒரு மீனவக் குப்பம்; ஆட்கள் காணாமல் போகிறார்கள்; பட்டணத்திலிருந்து துப்பறிய நாங்கள் போகிறோம். என் கேசட் ஓடியது. போகப் போகத்தான் விஷயம் புரிந்தது. குப்பத்தார் எல்லோருமே கடலில் கிடக்கும் ஏதோ ஒன்றுக்கு ஆளைப் பலி கொடுப்பவர்கள். 'இன்னா', 'கீது' என்று பேசுகிறவனை நம்பக் கூடாது என்பதுதான் முதல் துப்பு. அதைச் சொல்லும்போது சினிமா ரவுடி மாதிரி குரலை மாற்றிக்கொண்டார். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு கரையில் ஒரு பெண் வந்தாள். தலைவிரி கோலம், அழுகிய வாடை. தண்ணீரைப் பார்த்து, "வந்துடுய்யா, சோறு ஆறிப்போவுது" என்றாள். உடனே கடலுக்குள்ளிருந்து அது எழுந்தது.

"நிறுத்துங்க," என்றேன்.

"இன்னும் கிளைமாக்ஸே வரல."

"அது எங்க சித்தி சொன்னது. நான்தான் உங்ககிட்ட சொன்னேன்."

"அதான் அவ்ளோ ரியலா இருக்கு. ரியலா இருந்தாதான் பயம் வரும்னு எல்லா கைட்லயும் போட்டிருக்கான்."

ஆபீஸில் நான் பார்த்துப் பார்த்துப் பேசுகிற பேச்சு அப்போது கழன்றுபோனது. "எங்க சித்தி புருசன் வருவாருன்னு நின்னுகினு இருந்துச்சு சார். பேயைக் கூப்பிட இல்ல. கட்டிக்கினவரு போயிட்டாருன்னு அழுவுறதுகூட உங்களுக்குப் பேயாத் தெரியுதா? ஏன், உங்க தெருவுல பயமா எதுவுமே இல்லியா?"

எதிரே இருந்த அக்கவுன்ட்ஸ் அக்கா பகடையைக் கீழே வைத்தார். அன்றைய ஆட்டம் அதோடு முடிந்தது.

அடுத்த வாரம் நானே நடத்துவதாகச் சொன்னேன். டீம் லீடர் வீட்டைப் போலவே தெற்கே ஒரு அடுக்குமாடி. அங்கே வாட்ச்மேன் காணாமல் போகிறார். துப்பறிபவர்கள் கதவு கதவாகத் தட்டுகிறார்கள். பல வருடம் கேட்டைத் திறந்துவிட்டவரின் பெயர் ஒரு வீட்டிலும் தெரியவில்லை. முகம் எப்படி இருக்கும் என்றால் ஆளுக்கொரு முகத்தைச் சொல்கிறார்கள். கொஞ்ச நேரத்தில், கேட்க வந்தவர்களின் முகமும் அந்த வீட்டுக்காரர்களுக்கு மறக்கத் தொடங்குகிறது. ரத்தம், வாடை எதுவும் இல்லை. "போதும்மா, நிறுத்து" என்ற அக்கவுன்ட்ஸ் அக்கா எழுந்துதான் போகவில்லை.

டீம் லீடர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். "ஃபிளாட்ல இருக்கறவங்க எல்லாரும் இப்படியா? இது நியாயமில்ல." ஒரு குப்பத்தையே கொலைகாரக் கூட்டமாக்கியவர் பேசிய நியாயம் இது.

அதற்குள் அவர் தன் கதையை, கேம் மாஸ்டர்களுக்கு இலவச உதவி என்று ஒரு இணையதளத்தில் ஏற்றியிருந்தார். நான் வரைந்த சந்துகளும் அதில் இருந்தன. சித்தியின் வார்த்தையை எடுக்கச் சொன்னேன்.

"கீழ உனக்கு தாங்க்ஸ் போட்டிருக்கேனே, பாக்கலயா?"

பார்த்தேன். 'உள்ளூர்த் தகவல்: ஒரு தோழி.'

சித்தியின் வார்த்தையை எடுக்கும்வரை அவரோடு ஆட உட்கார மாட்டோம் என்று அக்கவுன்ட்ஸ் அக்காவும் நானும் சொல்லிவிட்டோம். வேண்டாவெறுப்பாக எடுத்தார். பேச்சை வைத்துச் சந்தேகப்படும் துப்பை மட்டும் தொடவில்லை. அது பொதுவான விஷயமாம். அந்தக் கதையை விளையாடிப் பார்த்த யாரோ ஒருவர், 'குப்பத்து ஆட்கள் அசல் மாதிரியே இருக்கிறார்கள்' என்று கீழே எழுதியிருந்தார். நீங்கள் எந்தக் குப்பத்துக்குப் போயிருக்கிறீர்கள் என்று பதில் எழுதினேன். அழித்துவிட்டார்கள். மறுபடியும் எழுதினேன்.